சுமைதூக்குவோரின் பானம்: போர்ட்டர் பியரின் தோற்றமும் மாற்றமும் பற்றிய ஒரு நோக்கு

மதுவைப் பற்றி எழுதுவோர் ஒன்றில் அதனை ஒழித்தல் வேண்டுமென எழுதுவர். அன்றேல் சுவைத்துப் புகழ்ந்து எழுதுவர். இவ்விரண்டுக்கும் புறம்பாக, ஒரு பானம் எச்சூழலில் உற்பத்தியாயிற்று, எவரால் அருந்தப்பட்டது, அதனால் விளைந்த ஆதாயம் எவரைச் சென்றடைந்தது என்னும் வினாக்களை எழுப்பி ஆராயும் முயற்சி தமிழில் அரிதாகவே காணப்படுகின்றது. துணியின் வரலாறும் தேயிலையின் வரலாறும் சமூக வரலாற்றின் பகுதிகளாக ஏற்கப்பட்டுவிட்ட பின்னர், பியரின் வரலாற்றை மட்டும் விலக்கிவைப்பதற்குத் தக்க காரணம் எதனையும் நாம் காணவில்லை.

ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது 'போர்ட்டர்' எனப்படும் கரும்பியர் ஆகும். 'கைவினைப் பியர்' என்னும் பெயரில் இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்கிப் பெருகியுள்ள சிறு ஆலைகளில் மிகப் பல, போர்ட்டரையோ அதன் வழித்தோன்றலான ஸ்ரௌட்டையோ தயாரித்து வருகின்றன. புட்டிகளின் மேல் ஒட்டப்படும் சிட்டைகள் பழைமையையும் கைத்திறனையும் கலப்பற்ற மரபையும் பறைசாற்றுகின்றன. ஆனால் வரலாற்றை நோக்குமிடத்து, பேரளவுக் கைத்தொழில் முறையில் உலகில் முதன்முதல் உற்பத்தி செய்யப்பட்ட பியர் இதுவே என்பது புலனாகின்றது. நீராவிப்பொறியும் பெருமூலதனமும் புகுந்து கைவினைஞனை வெளியேற்றிய இடத்திற் பிறந்து வளர்ந்த பண்டமொன்று இன்று கைவினையின் சின்னமாக விற்கப்படுவது எங்ஙனம் என்னும் வினாவே எம்மை இவ்விடயத்தின்பால் ஈர்த்தது.

முதலிற் பெயரைக் கவனிப்போம். போர்ட்டர் என்னும் ஆங்கிலச் சொல் சுமைதூக்குவோனைக் குறிக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரின் வாணிகம் முழுவதும் இத்தகையோரின் தோள்களிலேயே தங்கியிருந்தது. தேம்ஸ் நதியில் வந்திறங்கிய நிலக்கரி, தானியம், உப்பு முதலியவற்றை அளந்து இறக்குவதற்கு ஒரு பிரிவினரும், தெருக்களிற் பொதிகளையும் கடிதங்களையும் கொண்டுசெல்வதற்குப் பிறிதொரு பிரிவினரும் இருந்தனர். பின்னவர் உரிமம் பெற்றோர் என்பதற்கு அடையாளமாக உலோக வில்லையொன்றை அணிந்தனர். கொழும்பிற் புறக்கோட்டைத் தெருக்களில் நாம் 'நாட்டாமை' என வழங்கும் சுமைத்தொழிலாளரை இவர்களோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம். நாள் முழுவதும் சுமை ஏற்றி இறக்கிய இம்மக்கள் விரும்பி அருந்திய தடித்த, கசப்பான, கருங்கபில நிறப் பியரே அவர்களது பெயரைப் பெற்றது. 1726 இல் இலண்டனில் தங்கியிருந்த சேசார் த சொசூர் என்னும் சுவிற்சர்லாந்துப் பயணி தம் கடிதமொன்றில், உழைக்கும் மக்களே இதனை மிகுதியும் அருந்துவதால் இப்பெயர் ஏற்பட்டதென வெளிப்படையாகவே குறிப்பிட்டுள்ளார். பண்டமொன்றுக்கு அதனை ஆக்கியவனின் பெயரோ, ஊரின் பெயரோ, அரசனின் பெயரோ இடப்படுவது வழமை. நுகர்ந்த தொழிலாளரின் பெயர் இடப்பட்டமைக்கு வேறு எடுத்துக்காட்டுகளைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று.

இவ்வளவு தெளிவான சான்று இருந்தும், நெடுங்காலமாக நூல்களில் இடம்பெற்று வந்தது வேறொரு கதையாகும். இலண்டனின் சோர்டிச் பகுதியைச் சேர்ந்த றால்ப் ஹார்வுட் என்னும் ஆலையுரிமையாளர் 1722 இல் போர்ட்டரைக் 'கண்டுபிடித்தார்' என்பது அக்கதை. அக்காலக் குடிகாரர் மூவகைப் பியர்களை ஒரே குவளையில் கலந்து தருமாறு கேட்பது வழக்கமாம். மூன்று பீப்பாய்களைத் திறந்து ஊற்றும் தொல்லையிலிருந்து கடைக்காரரை விடுவிப்பதற்காக, மூன்றின் சுவையும் ஒருங்கே அமைந்த பியர் ஒன்றை ஹார்வுட் ஆக்கினாராம். இக்கதையை முழுவடிவிற் பரப்பியவர் ஜோன் ஃபெல்தம் என்பவர். 1802 இல் வெளிவந்த இலண்டன் வழிகாட்டி நூலொன்றில் அவர் இதனை எழுதினார். அதாவது, நிகழ்ந்ததாகக் கூறப்படும் செயலுக்கு எண்பது ஆண்டுகள் பிந்திய எழுத்து இது. அவர் ஆதாரமாகக் கொண்டது 1760 இல் இலண்டன் பத்திரிகையொன்றில் 'ஒபதாயா பவுண்டேஜ்' என்னும் புனைபெயரில் வெளியான கடிதம் ஆகும். முதிய ஆலை ஊழியர் ஒருவரின் நினைவுகள் போல அமைந்த அக்கடிதத்தில் ஹார்வுட்டின் பெயரே இல்லை. விலையேற்றத்தை நியாயப்படுத்துவதற்காக ஆலைத்தரப்பில் நின்று எழுதப்பட்டது அது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. மேலும், போர்ட்டர் என்னும் சொல் ஒரு பியரைக் குறித்து 1721 ஆம் ஆண்டிலேயே அச்சில் இடம்பெற்றுவிட்டது. அதுவும் மலிவான உணவுச்சாலை ஒன்றில் மாட்டிறைச்சியோடும் கோவாவோடும் அருந்தப்படும் சாதாரண பானமாகவே அங்கு சுட்டப்படுகின்றது. 1722 இற் கண்டுபிடிக்கப்பட்ட பண்டம் அதற்கு முந்திய ஆண்டிலேயே மலிவுச் சாப்பாட்டுக் கடைகளில் வழக்கமான பானமாகியிருத்தல் இயலாது.

கதை பொய்யாயினும் அது நிலைத்தமைக்குக் காரணம் உண்டு. எந்த மாற்றத்தையும் ஒரு தனிமனிதனின் மேதைமைக்கு ஏற்றிவிட்டால், அம்மாற்றத்தை உண்டாக்கிய வரிகளையும், விலைகளையும், தொழிலாளர் தொகையையும், சந்தையையும் பற்றிப் பேசவேண்டிய அவசியம் நீங்கிவிடுகின்றது. நமது இலக்கிய வரலாறுகளிலும் இப்போக்கு இல்லாமலில்லை.

உண்மையில் நிகழ்ந்தது யாது? பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மூன்றாம் வில்லியத்தின் ஆட்சி பிரான்சுடன் புரிந்த போர்களுக்குப் பணந்தேடிப் பியரின் மீதும், முளைத்தானியத்தின் மீதும் வரிகளை உயர்த்தியது. முளைத்தானியம் என்பது வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து முளைகட்டச் செய்து, பின்னர் சூளையில் உலர்த்திப் பெறப்படுவது. முளைத்தானியத்தின் விலை ஏறியமையால், அதனைக் குறைத்து, கசப்புச் சுவை தருவதும் கெடாமற் காப்பதுமான ஹொப்ஸ் பூவைக் கூட்டுவது ஆலையினருக்கு ஆதாயமாயிற்று. இலண்டனில் மலிவாகக் கிடைத்தது கபில நிற முளைத்தானியம் ஆகும். ஹேர்ட்போர்ட்சயரின் வெயார் என்னும் ஊரைச் சூழ்ந்து, விறகுத் தீயின் கடும் வெப்பத்தில் வாட்டி எடுக்கப்பட்டு லீ நதி வழியே படகுகளில் அது தலைநகரை அடைந்தது. புகைமணமும் கருமையும் அதனால் வந்தவை. புதிதாக இருக்கும்போது இப்பியர் கரடுமுரடான சுவையுடையது. பல மாதங்கள் பீப்பாயில் வைத்துப் பழக்கினாலோ புகைமணம் அடங்கித் தெளிவும் புளிப்பும் கலந்த ஒரு முதிர்ச்சியை எய்தும். இம்முதிர்ச்சிக்குக் காரணமாயிருந்த நுண்ணுயிரை அக்காலத்தவர் அறிந்திலர். 1904 இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கிளவ்சன் என்பவரே அம்மதுவ வகையை இனங்கண்டார். ஆங்கிலப் பியர்களில் வாழ்வது என்பதனால் 'பிரெற்றனோமைசிஸ்', அதாவது பிரித்தானியப் பூஞ்சை, என அதற்குப் பெயரிட்டார்.

இங்கு பொருளியல் நோக்கிற் கவனிக்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. தொடக்கத்திற் பியரைப் பழக்கி முதிரவைத்தவர் ஆலையினர் அல்லர். கடைக்காரரும் இடைத்தரகரும் புதிய பியரை மலிவாக வாங்கி, தமது நிலவறைகளில் மாதக்கணக்கில் இருத்திவைத்து, முதிர்ந்தபின் கூடிய விலைக்கு விற்றனர். காத்திருப்பதன் ஆதாயம் அவர்களுடையதாக இருந்தது. படிப்படியாக ஆலையினர் இவ்வேலையைத் தாமே மேற்கொண்டனர். விற்பனைக்கு உடன் ஆயத்தமான முதிர்ந்த பியரை அவர்கள் அனுப்பத் தொடங்கியபோது அவ்வாதாயம் இடம் மாறியது. ஆயின் மாதக்கணக்கிற் பண்டத்தை முடக்கிவைப்பதற்குப் பெரும் முதல் வேண்டும், களஞ்சியங்கள் வேண்டும், கடனுக்கு முளைத்தானியமும் ஹொப்ஸும் வாங்கத்தக்க நாணயம் வேண்டும். சிறு ஆலைகள் இதற்கு ஈடுகொடுக்க இயலாமல் ஒதுங்கின. ஆங்கிலப் பியர்த்தொழிலின் வரலாற்றை ஆராய்ந்த பீற்றர் மத்தயஸ், 1959 இல் வெளியிட்ட தம் நூலில், போர்ட்டரே பேரளவு உற்பத்திக்கு உகந்த முதற் பியர் என்பதை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். கருமையும் கடுஞ்சுவையும் சிறு குறைகளை மறைத்தன. ஏனைய பியர்களைக் கெடுத்துவிடக்கூடிய வெப்ப ஏற்றத்தை இது தாங்கிக்கொண்டது. கெடாமல் நெடுநாள் இருந்தது. ஆகவே பாத்திரத்தின் அளவு பெருகப் பெருகச் செலவு குறைந்தது.

வீட்டிலும் சிற்றூரிலும் பியர் ஆக்கும் தொழில் இடைக்கால இங்கிலாந்திற் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தது. அது அவர்களிடமிருந்து நழுவியமை போர்ட்டருக்கு முந்திய கதை. 1300 க்கும் 1600 க்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த அம்மாற்றத்தை ஜூடித் பெனற் ஆராய்ந்துள்ளார். போர்ட்டரின் காலத்திற் கைவினை ஆண்களும் அவ்வழியே சென்றனர்.

சாமுவேல் விற்பிரெட் என்பவரின் வளர்ச்சி இப்போக்கிற்குத் தக்க சான்றாகும். 1742 இற் பங்காளராகத் தொழிலில் இறங்கிய அவர், 1750 இல் இலண்டன் சிஸ்வெல் தெருவிற் பேராலை ஒன்றை நிறுவினார். 1785 இல் போல்ற்றன்–வாற் நிறுவனத்தின் நீராவிப்பொறி அங்கு பொருத்தப்பட்டது. முளைத்தானியத்தை அரைக்கவும் நீரை ஏற்றவும் அதுவரை குதிரைகள் செய்த வேலையை அது செய்தது. 1787 இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரும் அரசியாரும் அதனைக் காணச் சென்றனர். பருத்தி ஆலைகளின் புகைபோக்கிகளைக் கொண்டே கைத்தொழிற் புரட்சியை நினைவுகூர்ந்து பழகிய நாம், வாற்றின் பொறியை முற்கூட்டியே வாங்கியோருள் இலண்டன் பியர் முதலாளிகள் இருந்தனர் என்பதை மறந்துவிடுகின்றோம். அப்பொறி இன்று சிட்னி நகரின் அரும்பொருட் காட்சியகத்தின் உடைமையாக உள்ளது. 1796 இல் அவ்வாலை ஓராண்டில் 2,00,000 பீப்பாய்க்கு மேல் உற்பத்தி செய்தது. பீப்பாய் ஒன்று 36 கலன் கொள்ளும். தேம்ஸின் தென்கரையில் இருந்த திரேல் ஆலை 1781 இல் 1,35,000 பவுணுக்கு விற்கப்பட்டது. அவ்விற்பனையை நிறைவேற்றிய அறங்காவலருள் ஒருவர் அகராதி அறிஞர் சாமுவேல் ஜோன்சன் ஆவார். அதனை வாங்கிய பார்க்கிளே–பேர்க்கின்ஸ் நிறுவனம் பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்றாயிற்று. இடைக்குறிப்பாக ஒன்று: விற்பிரெட்டின் மகன், அதே பெயருடையவர், பாராளுமன்றத்தில் 1795 இல் விவசாயத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் மசோதாவைக் கொணர்ந்து தோல்வியுற்றார். தந்தை போர்ட்டரில் ஈட்டிய செல்வமே அவரது அரசியலுக்கு அடித்தளம். வர்க்கமும் மனச்சாட்சியும் எப்போதும் ஒரே திசையிற் செல்வதில்லை.

அளவுகருவிகளின் வருகை இப்பானத்தின் இயல்பையே மாற்றியது. வெப்பமானி ஆலையினுட் புகுந்தமையைத் தொடர்ந்து நீர்மானி வந்தது. 1784 இல் ஜோன் றிச்சர்ட்சன் என்பவர், சாற்றிற் கரைந்துள்ள சர்க்கரைப் பொருளை அளக்கும் முறையை நூலாக வெளியிட்டார். அதனைப் பயன்படுத்திய முதலாளிகள் அதிர்ச்சி தரும் உண்மையொன்றைக் கண்டனர். மலிவானதென இத்தனை காலமும் நம்பியிருந்த கபில முளைத்தானியத்திலிருந்து கிடைக்கும் சர்க்கரை, விலைகூடிய வெளிர் முளைத்தானியத்திற் கிடைப்பதிலும் கணிசமாகக் குறைந்ததாயிருந்தது. சாற்றின் அளவைக் கொண்டு கணக்கிட்டால் வெளிர் தானியமே மலிவு! ஆலையினர் வெளிர் தானியத்துக்கு மாறினர். ஆனால் நிறம்? கருமையில்லாத போர்ட்டரை எவர் ஏற்பர்? இக்கட்டத்திலேதான் கலப்படம் தலையெடுத்தது. கருகிய சர்க்கரை முதலாகப் பற்பல பொருள்கள் நிறத்துக்காகச் சேர்க்கப்பட்டன. வெறியூட்டும் வலிமை குறைந்ததை ஈடுசெய்ய நச்சுப்பொருள்களும் சேர்க்கப்பட்டன. அவற்றுள் முதன்மையானது நாம் அறிந்த ஒன்று: இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் காக்கைக்கொல்லிக் கொடியின் விதை. நீர்நிலைகளில் மீன்களை மயக்கிப் பிடிக்கப் பயன்பட்ட இவ்விதை, கப்பலேறிச் சென்று இலண்டன் தொழிலாளியின் குவளையிற் கலந்தது. பிரெடரிக் அக்கும் என்னும் வேதியியலாளர் 1820 இல் வெளியிட்ட உணவுக் கலப்படம் பற்றிய நூலில் இதனை அம்பலப்படுத்தியதோடு, தண்டிக்கப்பட்டோரின் பெயர்களையும் அச்சிட்டார்.

நிறச்சிக்கலைத் தீர்த்தவர் டானியல் வீலர். கோப்பிக்கொட்டை வறுப்பதைப் போன்று சுழலும் உருளையில் முளைத்தானியத்தைக் கருக வறுக்கும் முறைக்கு 1817 இல் அவர் காப்புரிமை பெற்றார். அதிற் சிறிதளவு சேர்த்தாலே முழுக் கொதிகலமும் கருமையுறும். அதன்பின் போர்ட்டர் என்பது பெரிதும் வெளிர் தானியமும் சிறிது கருந்தானியமும் கலந்த பியராயிற்று. அயர்லாந்திற் கபில தானியம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. விறகுப்புகை மணத்த 1721 ஆம் ஆண்டின் பானமும், 1821 ஆம் ஆண்டின் பானமும் பெயராலும் நிறத்தாலும் ஒன்று, ஆக்கத்தால் வேறு. இதனை அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 'மரபான போர்ட்டர்' என்று இன்று எவரேனும் கூறுமிடத்து, எந்த ஆண்டின் மரபு என்று நாம் கேட்டாக வேண்டும்.

பேரளவின் விலையைச் செலுத்தியோர் யார் என்பதற்கு 1814 ஒக்டோபர் 17 ஆம் நாள் விடை கிடைத்தது. போர்ட்டரை முதிரவைக்கும் மரமிடாக்களை யாருடையது பெரிது என்ற போட்டியில் ஆலைகள் கட்டி எழுப்பிவந்த காலம் அது. ரொட்டன்ஹாம் கோர்ட் வீதி மூலையிலிருந்த மியூக்ஸ் நிறுவனத்தின் குதிரைலாட ஆலையில் 22 அடி உயரமான மிடா ஒன்றில் 3,555 பீப்பாய்ப் போர்ட்டர் இருந்தது. இன்றைய அளவில் ஏறத்தாழ 5,80,000 இலீற்றர். பிற்பகல் நாலரை மணியளவில் அதனைப் பிணித்திருந்த இரும்பு வளையங்களுள் ஒன்று கழன்று விழுந்ததை எழுதுவினைஞர் கண்டார். வளையங்கள் அவ்வாறு கழல்வது வழமையே என்பதால் உடனடியாக எதுவும் செய்யப்படவில்லை. பின்னர் திருத்துமாறு ஒரு குறிப்பு மட்டும் எழுதப்பட்டது. ஒரு மணி நேரத்தின் பின் மிடா வெடித்தது. அதன் வேகத்தில் அயலிலிருந்த பீப்பாய்களும் உடைந்தன. ஆலையின் பின்சுவர் சரிந்தது. போர்ட்டர் வெள்ளம் சென்ற் ஜைல்ஸ் சேரியின் நிலவறை வீடுகளுட் பாய்ந்தது.

அங்கு வாழ்ந்தோரிற் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள். நிலவறை ஒன்றில் இரண்டு வயதுக் குழந்தையின் சடலத்தை வைத்து உறவினர் இழவு காத்துக்கொண்டிருந்தனர். அக்குழந்தையின் தாய் உட்பட ஐவர் அங்கேயே மாண்டனர். எல்லாமாக இறந்தோர் எண்மர். அனைவரும் பெண்களும் சிறுவருமே. ஆடவர் வேலைத்தலங்களிலிருந்து திரும்பாத நேரம் அது. மரண விசாரணை மன்றம், எவரது குற்றமுமற்ற தற்செயல் விபத்து எனத் தீர்ப்பளித்தது. நிறுவனம் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பித்து, பாழான பியருக்குச் செலுத்திய வரியில் ஏறத்தாழ 7,250 பவுண் சலுகை பெற்றது. இறந்தோரின் குடும்பங்களுக்கு அந்நிறுவனத்திடமிருந்து இழப்பீடு கிடைக்கவில்லை.

இதனினுங் கொடியது பின்னர் வந்தது. தெருவில் ஓடிய பியரைச் சேரிமக்கள் அள்ளி அள்ளிக் குடித்தனர், வெறியில் ஒருவர் மாண்டார், மருத்துவமனையிற் கலகம் செய்தனர் என்றெல்லாம் பிற்காலத்தோர் கதை கட்டினர். அக்காலப் பத்திரிகைகளில் அவ்வாறான செய்தி எதுவும் இல்லை என்பதைப் பியர் வரலாற்றாய்வாளர் மார்ட்டின் கோர்னெல் சுட்டிக்காட்டியுள்ளார். ஏழைகள் இறந்தால் அவர்களது இறப்பிலும் ஒரு நகைச்சுவையைத் தேடுவது எழுதுவோரின் வர்க்கக் குணம். இணையத்திலும் சுற்றுலாக் கையேடுகளிலும் இக்கதை இன்றும் சிரிப்புக்குரிய செய்தியாகவே வலம்வருகின்றது. ஆலை நின்ற இடத்தில் இப்போது டொமினியன் அரங்கு உள்ளது.

ஆலைத் தொழிலாளர் வெறும் பலியாட்களாக மட்டும் இருந்துவிடவில்லை. 1850 செப்டெம்பர் 4 ஆம் நாள் ஒஸ்ரியப் படைத்தளபதி ஹைனாவு பார்க்கிளே–பேர்க்கின்ஸ் ஆலையைப் பார்வையிட வந்தார். முந்திய ஆண்டில் இத்தாலியின் பிரெசியா நகரிலும் ஹங்கேரியிலும் எழுந்த புரட்சிகளைக் குருதியில் அமிழ்த்தியவர் அவர். பெண்களைச் சவுக்கால் அடிப்பித்தவர் என்பது ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தது. வருகையாளர் புத்தகத்தில் அவரது பெயரைக் கண்டதும் செய்தி பரவ, வண்டியோட்டிகளும் சுமைத்தொழிலாளரும் வைக்கோலையும் சாணத்தையும் வீசி, துடைப்பங்களோடு அவரைத் தெருவில் துரத்தினர். அருகிலிருந்த தவறணை ஒன்றில் ஒளிந்தே அவர் உயிர் தப்பினார். ஒஸ்ரியா கண்டனம் தெரிவித்தது. அதற்கு விடுக்கவேண்டிய வருத்தக் கடிதத்தின் வாசகம் பற்றி விக்ரோறியா மகாராணிக்கும் வெளிநாட்டு அமைச்சர் பாமர்ஸ்ரனுக்கும் பிணக்கு மூண்டது. 1864 இல் இங்கிலாந்து வந்த கரிபால்டி அவ்வாலைக்குச் சென்று தொழிலாளருக்கு நன்றி கூறினார். சுமைதூக்குவோரின் பெயரைத் தாங்கிய பானத்தை ஆக்கிய தொழிலாளர் சர்வதேச உணர்வை வெளிப்படுத்திய இந்நிகழ்ச்சி, பியர் பற்றிய நூல்களில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுவது எமக்கு வியப்பளிக்கின்றது.

ஸ்ரௌட் என்பதற்கும் போர்ட்டர் என்பதற்கும் உள்ள வேறுபாடு பற்றி இன்று நீண்ட விவாதங்கள் நடைபெறுகின்றன. வரலாற்றில் அது மிக எளியது. ஸ்ரௌட் என்றால் வலிமை மிக்கது. வலிமை கூடிய போர்ட்டர் 'ஸ்ரௌட் போர்ட்டர்' எனப்பட்டுப் பின் முற்சொல் மட்டும் நின்றது. டப்ளின் நகரில் 1759 இல் ஆலையைக் குத்தகைக்கு எடுத்த ஆர்தர் கின்னஸ் முதலில் வேறுவகைப் பியரையே ஆக்கினார். இலண்டன் போர்ட்டரின் போட்டியைச் சமாளிக்கவே அதற்கு மாறினார். 1799 இல் ஏனைய வகைகளை முற்றாகக் கைவிட்டார். புள்ளிவிபரவியல் மாணவர் 'ஸ்ரூடன்ற்' பரிசோதனை எனப் படிக்கும் முறை, அவ்வாலையில் வாற்கோதுமையின் தரத்தை ஆராய்ந்த வில்லியம் கொசற் 1908 இல் புனைபெயரில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்ததாகும்.

ஏகாதிபத்தியத்தின் கப்பல்களோடு போர்ட்டரும் பயணம் செய்தது. றஷ்யப் பேரரசி கதறீனின் அரசவைக்குச் சென்ற வலிமைமிக்க வகை 'ஏகாதிபத்திய ஸ்ரௌட்' என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட வெளிர்பியர் பற்றி அறியாதார் இல்லை. ஆயின் அது அதிகாரிகளின் பானம். சாதாரணச் சிப்பாய்க்கு வழங்கப்பட்டது போர்ட்டரே. அமெரிக்காவில் ஜோர்ஜ் வாஷிங்ரன் 1789 இல் எழுதிய கடிதமொன்றில், உள்நாட்டில் ஆக்கிய போர்ட்டரையே தம் இல்லத்திற் பயன்படுத்துவதாகக் கூறியுள்ளார். ஒரு வகைச் சுதேசியம் எனலாம்.

நமது நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஒரு மூலையுண்டு. 1881 இல் நுவரெலியாவிற் பியர் ஆலை நிறுவப்பட்டது. கோப்பிப் பயிர் நோயால் அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்த காலம் அது; குளிர்ந்த மலைநீரும் தோட்டத்துரைமாரின் தாகமும் அங்கு ஒருங்கிருந்தன. அத்தோட்டங்களைத் தம் உடலுழைப்பால் உருவாக்கிய தமிழ்த் தொழிலாளரை முன்னிட்டு அவ்வாலை அமைக்கப்படவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அம்மரபில் வந்த லயன் ஸ்ரௌட், மறைந்த ஆங்கிலப் பியர் எழுத்தாளர் மைக்கல் ஜாக்சனின் பாராட்டால் வெளிநாடுகளிற் புகழ்பெற்றது. இனிப்பும் வலிமையும் மிக்கதும், குளிர்நொதிப்புக்குரிய மதுவத்தால் ஆக்கப்படுவதுமான இவ்வகைக்கு 'வெப்பவலய ஸ்ரௌட்' என அமெரிக்கப் பியர் நடுவர் அமைப்பு 2015 இல் தனிப் பிரிவு வகுத்தபோது, எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக இதனையும் குறித்தது. உற்பத்தி 1998 அளவில் பியகமவுக்கு இடம் மாறிவிட்டது. கரும்பியரின் பிறப்பிடமான இலண்டனில் மறைந்துபோன ஒரு சுவையின் சாயல் குடியேற்ற நாடொன்றில் எஞ்சி நின்றமை, வரலாற்று மொழியியலார் விளிம்புப் பகுதிகளிற் பழஞ்சொற்கள் நிலைப்பதாகக் கூறுவதை நினைவூட்டுகின்றது.

ஏனெனில், பிறந்த இடத்திற் போர்ட்டர் மெய்யாகவே இறந்துபோயிற்று. 1830 களிலிருந்து முதிராத புதிய பியரை மக்கள் விரும்பத் தொடங்கினர், பின்னர் வெளிர்பியர் பரவியது, மிடாக்கள் வெறுமையாயின. முதலாம் உலகப்போரின் கட்டுப்பாடுகள் பியரின் வலிமையைக் குறைத்தன. இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தோடு இலண்டனில் அது நின்றது. அயர்லாந்தில் 1970 களின் முற்பகுதிவரை நீடித்தது. சிஸ்வெல் தெரு ஆலையில் 1976 இல் அடுப்பு அணைந்தது. அதே விற்பிரெட் நிறுவனம் 2000 ஆம் ஆண்டிற் பியர்த் தொழிலை விற்றுவிட்டு இப்போது விடுதிகளை நடத்துகின்றது.

மீட்சி அத்திலாந்திக்கின் மறுகரையிலிருந்து தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவில் நலிந்துகிடந்த அங்கர் ஆலையை 1965 இல் வாங்கிய பிறிற்ஸ் மெயற்றாக் 1972 இல் போர்ட்டரை வெளியிட்டார். பிரித்தானியாவில், பெரும் நிறுவனங்களின் ஒரேவகைப் பியருக்கெதிராக 1971 இல் நுகர்வோர் இயக்கமொன்று தோன்றியிருந்தது. 1978 இற் சிறு ஆலைகள் சில போர்ட்டரை மீண்டும் ஆக்கின. அதே ஆண்டு வீட்டிற் பியர் ஆக்குவதை அனுமதிக்கும் சட்டத்தில் அமெரிக்க ஜனாதிபதி காட்டர் ஒப்பமிட்டார். ஒறிகன் மாநிலத்தின் டெஷூட்ஸ் ஆலை 1988 இல் தன் முதன்மைப் பியராகவே போர்ட்டரைக் கொண்டது. பழைய ஆலைக் குறிப்பேடுகளைத் தேடிப் படிக்கும் ஆர்வலரும் தோன்றினர். அவர்கள் ஆக்குவது பெரும்பாலும் வீலரின் உருளைக்குப் பிந்திய போர்ட்டரே. விறகுத்தீயில் வாட்டிய தானியமும் மாதக்கணக்கான மிடா முதிர்வும் அரிதாகவே முயலப்படுகின்றன. இதனைக் குறையாக நாம் கூறவில்லை. ஏகபோகத்துக்கு எதிரான நியாயமான எதிர்ப்புணர்வும் தரத்தின்பாலான அக்கறையும் அம்முயற்சிகளில் இருந்தன.

ஆயினும் மூலதனத்தின் விதி சிறிய ஆலையின் வாயிலில் நின்றுவிடுவதில்லை. ஸ்ரௌட்டுக்குப் பெயர்பெற்ற சிக்காகோவின் கூஸ் ஐலண்ட் 2011 இல் உலகின் மிகப் பெரிய பியர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. 1996 இல் இலண்டன் போர்ட்டரை மீட்டெடுத்த ஃபுல்லர்ஸ் தன் ஆலையை 2019 இல் ஜப்பானின் அசாகி நிறுவனத்திற்கு விற்றது. அங்கர் ஆலையை 2017 இல் சப்போறோ வாங்கியது. கைவினை என்னும் சொல்லின் நிழலிற் குறைந்த கூலிக்கு உழைத்த அவ்வாலையின் தொழிலாளர் 2019 இல் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தனர். அவர்கள் சேர்ந்தது அமெரிக்காவின் மேற்குக்கரைத் துறைமுகங்களிற் கப்பற் சுமைகளை ஏற்றி இறக்கும் தொழிலாளரின் சங்கத்திலாகும். 2023 யூலையில் ஆலை மூடப்படும் என அறிவிக்கப்பட்டபோது, கூட்டுறவு முறையில் அதனைத் தாமே வாங்கி நடத்த அத்தொழிலாளர் முயன்றனர். அம்முயற்சி கைகூடவில்லை. 2024 இல் தயிர்த் தொழிலிற் செல்வந்தரான ஒருவர் அதனை வாங்கினார்.